கவாஸ்கரா, விஸ்வநாத்தா?

கேள்வி: யார் பெரிய பேட்ஸ்மேன்? காசிமேட்டு டீக்கடையில் தினமும் இதே சண்டை! (ஒரு வாசகர், ராயபுரம்)

பதில்: மச்சான்களை மோத விடுகிறீர்களே! விஸ்வநாத் கட்டிக்கொண்டது கவாஸ்கரின் சகோதரியை. கணக்குப் பார்த்தால் கவாஸ்கருக்கு 34 டெஸ்ட் சதம், எதிரே 14, பேச்சே இல்லை. 1983-ல் பிராட்மனின் 29 சதத்தை கவாஸ்கர் தாண்டியதும் நம்ம சேப்பாக்கத்தில்தான், ஆட்டமிழக்காமல் 236.

ஆனால் அதே மைதானத்தில், 1975 பொங்கல் சமயம், வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டைச் சாய்த்த இன்னிங்ஸை என்ன செய்வது? மொத்தம் 190; அதில் விஸ்வநாத் மட்டும் 97. கடைசி ஆள் சந்திரசேகர் (பேட்டிங் அவர் தொழில் அல்ல) அவுட்டானதால் சதம் போச்சு. மேட்ச் மட்டும் நமக்கு.

சம்பளத்தைப் பந்தயம் கட்டுவதென்றால் கவாஸ்கர் மேல் கட்டுங்கள். எண்ணூரில் ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து பார்ப்பதென்றால், விஸ்வநாத்தின் ஸ்கொயர் கட்!