சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: டெக்னிகல் ரைட்டர் ஒருவர், சென்னை.

பெறுநர்: சேர்க்கைப் பிரிவு, இணையவழிப் பல்கலைக்கழகம் (பெயரை எழுதினால் மறுபடி போன் வரும் என்பதால் எழுதவில்லை).

பொருள்: எழுத்துத் துறை இணையவழி முதுகலைப் படிப்பு – சேர்வதற்கு முன் சில ஐயங்கள்.

ஐயா / அம்மா,

பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் கைப்பேசி எண்ணைக் கொடுக்கவும் என்று உங்கள் தளம் கேட்டது. கொடுத்தேன். பாடத்திட்டம் இன்னும் வரவில்லை. அட்மிஷன் கவுன்சிலர்கள்தான் போனில் வந்தபடி இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அழைக்கும் தம்பி தங்கமானவர். அவருடைய இந்த மாத டார்கெட் முடிந்ததா என்று அறிய ஆவல்.

நான் தண்ணீர் மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் பயனர் கையேடு எழுதுகிறவன். ‘ஈரக் கையால் தொடாதீர்’ என்பதுதான் இதுவரை அதிகம் அச்சேறிய என் வரி. அப்ரைசலில் எச்ஆர் அம்மையார், “அப்ஸ்கில் பண்ணுங்க” என்றார். என்ன ஸ்கில், எவ்வளவு அப் என்று சொல்லவில்லை. ஆனால் சென்ற முறை சீனியர் ஆனவரின் லிங்க்ட்இன் பக்கத்தில் சான்றிதழ்கள் இருக்கின்றன, அவர் எழுதிய கையேடு ஒன்றுகூட இல்லை. புரிந்துகொண்டேன்.

பட்டம் செல்லுமா என்ற ஐயத்தைத் தம்பியே தீர்த்துவைத்தார். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியதை மனப்பாடமாகச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அறிவித்ததையும் சொல்லி, “அப்படியே எம்பிஏவும் போட்டுடலாமா சார்?” என்றார். ‘10 நாளில் எம்பிஏ’ போன்ற விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று அதே யுஜிசி 2024இல் எச்சரித்ததை நினைவூட்டினேன். லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் கோளாறாக இருக்கும்.

இஎம்ஐ பற்றி ஐயமே இல்லை. அதை எல்லோரும் விளக்கிவிட்டார்கள்.

தேர்வுதான் புரியவில்லை. யுஜிசியின் 2020 விதிமுறைகளின்படி பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடு, பருவம் முழுக்கச் செய்யும் பயிற்சிகளுக்கு அதிகபட்சம் 30. விதி எல்லாப் பாடத்துக்கும் பொது, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் சிறுகதையை நான் மூன்று மணி நேரத்துக்குள், கேமரா முன்னால் அமர்ந்து எழுத வேண்டுமாம். கண் திரையை விட்டு விலகினால் கண்காணிப்பு மென்பொருள் குறித்துக்கொள்ளுமாம். ஜன்னலைப் பார்த்தால் காப்பி. விட்டத்தைப் பார்த்தாலும் காப்பி. உதடு அசைந்தால் அறையில் இன்னொரு ஆள். எனக்கோ வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற பழக்கம். முதல் பத்தியிலேயே பிடிபட்டுவிடுவேன்.

மாதிரி வகுப்பின் சுயமதிப்பீட்டில் ஒரு கேள்வி: நல்ல தொடக்க வரி எப்படி இருக்கும்? அ) ஈர்க்கும். ஆ) சுருக்கமாக இருக்கும். இ) தொடக்கத்தில் இருக்கும். ஈ) மேற்கண்ட அனைத்தும். ‘ஈ’யைத் தொட்டதும் பச்சை விளக்கு எரிந்து காகிதப்பூ தூவியது. பல வருடமாக எழுதுகிறேன், யாரும் எனக்குப் பூ தூவியதில்லை. நன்றி.

இனி முக்கியமான கேள்வி. நான் எழுதும் பக்கத்தை அங்கே யார் படிப்பார்கள்? “இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்ஸ் சார்.” பெயர்? “டாப் எக்ஸ்பர்ட்ஸ் சார்.” ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? “அன்லிமிடெட் ஆக்சஸ் சார்.”

தூரத்திலிருந்து எழுத்தைச் சொல்லித்தர முடியாது என்று வாதாட வரவில்லை. அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்துக் காடார்டு கல்லூரியில், எலன் பிரையன்ட் வோய்ட் என்ற கவிஞர் 1976இல் அப்படியொரு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். ஆண்டுக்கு இரண்டு முறை எல்லோரும் சில நாட்கள் கூடுவார்கள். மற்ற மாதங்களில் வீட்டிலிருந்து எழுதியதைக் கட்டாகக் கட்டித் தபாலில் அனுப்ப வேண்டும். ஆசிரியர் அதைப் படித்து, எங்கே தளர்கிறது, எங்கே பொய் சொல்கிறது என்று பதில் கடிதம் எழுதுவார். பச்சை விளக்கும் கிடையாது, காகிதப்பூவும் கிடையாது. அந்தப் படிப்பு அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு முன்மாதிரியானது. காடார்டோ மாணவர் சேர்க்கை சரிந்து 2024இல் மூடப்பட்டது. சனிக்கிழமைத் தம்பி ஒருவர் அங்கே இல்லாமல் போனதுதான் காரணம் என்று ஊகிக்கிறேன்.

கடைசியாக, நோக்க அறிக்கை. நான் ஏன் எழுத விரும்புகிறேன் என்று 500 சொற்களில் எழுதித் தரச் சொன்னீர்கள். உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது (ஜன்னலைப் பார்த்தபடிதான்) தம்பி அழைத்தார். “நீங்க ஏன் சார் சிரமப்படுறீங்க? எஸ்ஓபி நாங்களே எழுதி அப்லோட் பண்ணிடுறோம்.” பண்ணியும்விட்டார். நகலைப் படித்தேன். அதில் நான் கிராமத்துத் திண்ணையில் லாந்தர் வெளிச்சத்தில் பாட்டியிடம் கதை கேட்டு வளர்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் புரசைவாக்கம், இருந்தாலும் பாட்டி கடைசிக் கதையைப் பாதியில் நிறுத்திக் கண்மூடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் பாட்டி நலமாக இருக்கிறார், மாலையில் சீரியல் பார்க்கிறார்.

அந்த அறிக்கையை எழுதியவர் யார் என்று விசாரித்துச் சொல்லவும். அவர் உங்கள் ஆசிரியர்களில் ஒருவர் என்றால் இஎம்ஐகூட வேண்டாம், முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டிவிடுகிறேன். மென்பொருள் என்றால் அதன் மாதச் சந்தாவை மட்டும் தெரிவிக்கவும். நேரே அங்கேயே சேர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் ‘ஹாட் லீட்’ என்று குறிக்கப்பட்டுள்ளவன்