கி.பி. 2300-இல் வில்லாபுரம்: பார்க்காமலே வரைவது எப்படி?

வாழ்த்துகள். ஸ்கெட்ச் நோட்டு வாங்கிவிட்டீர்கள். 'எந்திரன்' படத்து ரோபோ சிட்டியைத் திரும்பத் திரும்ப வரைந்து கை பழகிவிட்டது. அடுத்து எதிர்கால நகரம், பறக்கும் கார், மேகத்துக்கு மேலே மொட்டைமாடி என்று இறங்கப் போகிறீர்கள். அருமையான துறை. இதைக் கெடுக்க வழிகள் ஏராளம். பாதிக்கு மேல் நீங்களாகவே கண்டுபிடித்து நடைமுறையிலும் வைத்திருக்கிறீர்கள். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. சாமான் சேரும்வரை கோடு போடாதீர்கள்

2எச் தொடங்கி 8பி வரை ஒரு பெட்டி பென்சில் வாங்குங்கள். கூடவே கரித்துண்டு, மூன்று விதமான அழிப்பான், சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவர வேண்டிய மார்க்கர். வில்லாபுரத்திலிருந்து தெற்குவாசல் பாலம் ஏறி மதுரை டவுனுக்குப் போய் இதையெல்லாம் வாங்கித் திரும்பினால் ஒரு ஞாயிறு ஒழிந்தது. ஒரே ஒரு எச்பி பென்சிலில் எல்லாம் வரையலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கலை தெரியாது. நாளடைவில் 6பி மட்டும் கட்டைவிரல் நீளத்துக்குத் தேயும், மற்றவை சீவாமலே கிடக்கும். கவலைப்படாதீர்கள், எல்லார் பெட்டியும் அப்படித்தான். டேப்லெட் வந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே டேப்லெட் வரும்வரை காத்திருங்கள்.

2. ரசிகர் ஓவியத்தில் கை என்ற உறுப்பு கிடையாது

கண்ணில் தொடங்குங்கள். ஒரு கண்ணுக்கு மூன்று மணி நேரம் செலவழியுங்கள். கருவிழியில் மினுமினுப்பு, ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனி. இன்னொரு கண் கொஞ்சம் மேலே ஏறிவிட்டதா? அந்தப் பக்கம் முடியை இழுத்து விடுங்கள். கைகளை பாக்கெட்டுக்குள் போடுங்கள். இயந்திர மனிதனுக்கு பாக்கெட் ஏது என்று கேட்பார்கள்; அப்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். பாதம் வருகிற இடத்தில் புகை.

கட்டம் போடும் பழக்கத்தை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள். அது பழைய பேனர்க்காரர்கள் வேலை. தங்கம் தியேட்டர் இருந்த காலத்து மதுரையில், கையகலப் போட்டோவில் பென்சிலால் கட்டம் இழுத்து, அதே கட்டத்தைத் துணியில் சுண்ணாம்பு நூலால் அடித்து, சாரத்தில் ஏறி நின்று, ஒரு ஆள் உயரத்துக்கு வெறும் மூக்கை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு அது மூக்கென்றே தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். இத்தனை பாடு நமக்கெதற்கு? போன் வெளிச்சத்தின் மேல் தாளை வைத்து நகலெடுங்கள். 'ஃப்ரீ ஹேண்ட்' என்று கீழே எழுதுங்கள். கையெழுத்து முகத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

3. நகரம் என்றால் இரவு, இரவு என்றால் மழை

இனி கட்டடக்கலை. உங்கள் நகரத்தில் பகல் வரவே கூடாது. தரை முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க ஊதாவும் ரோஸும். மதுரையில் வருஷத்தில் பாதி நாள் வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்று யோசிக்காதீர்கள். வெயிலை வரைந்தால் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கண்டுபிடித்தாக வேண்டும். இருட்டுக்கு 6பி போதும்.

கடைப் பலகைகளில் ஜப்பானிய எழுத்து எழுதுங்கள். நூடுல்ஸ் பாக்கெட்டிலிருந்து பார்த்து எழுதினாலும் குற்றமில்லை. தப்பித்தவறி நியானில் 'பரோட்டா' என்று தமிழில் எழுதிவிட்டால், பார்க்கிறவருக்குப் பசித்துவிடும், எதிர்காலம் கலைந்துபோகும்.

இந்த மழை 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்திலிருந்து உங்களுக்கு வந்து சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸைக் காட்டிய படம். அந்த 2019 வந்து, போயும் விட்டது. வாகனங்களை வடிவமைக்கத்தான் சிட் மீட் என்ற ஓவியரைக் கூப்பிட்டார்கள். அவர் வண்டியை வெள்ளைத் தாளில் தனியாக நிறுத்தாமல் பின்னாலிருந்த தெருவையும் சேர்த்து வரைந்து கொடுக்க, ஊரையும் அவரிடமே கேட்டு வாங்கினார்கள். அவருடைய கணக்கு சுலபமானது. நாளைக்கு யாரும் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதில்லை; இருப்பதன் மேலேயே குழாய், ஒயர், இயந்திரம் என்று ஒட்டவைத்துக்கொண்டே போவார்கள்.

இங்கே கொஞ்சம் உஷார். வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் நோட்டோடு போய்விடாதீர்கள். அங்கே பால்கனிக்குக் கம்பிக் கிரில், கிரிலுக்கு மேல் தகர ஷீட், ஷீட்டின் மேல் டிஷ், டிஷ்ஷின் காலில் கட்டிய துணிக்கொடி, அதற்குக் கீழே ஏசியின் வெளிப்பெட்டி, அது சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பழைய பெயிண்ட் வாளி, வாளித் தண்ணீரில் ஒரு கற்றாழை. மேலே கறுப்பு சின்டெக்ஸ். சிட் மீட் பெயரைக் கேள்விப்படாமலே அவர் சொன்னதையெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். இதை உட்கார்ந்து வரைந்தால் ஒவ்வொரு குழாயும் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று தெரிந்து தொலைக்கும். உங்கள் நகரத்துக் குழாய்களுக்கு அந்த அவஸ்தை இல்லை. சுவரில் முளைக்கின்றன, சுவரிலேயே மறைகின்றன.

4. நகரும் கட்டடத்தை லண்டனிலிருந்து இறக்குமதி செய்யுங்கள்

1964-இல் லண்டன் கட்டடக்கலைக் குழுவான ஆர்க்கிகிராமைச் சேர்ந்த ரான் ஹெரன் 'நடக்கும் நகரம்' என்று வரைந்தார். பூச்சிக் கால் முளைத்த ராட்சதக் கட்டடங்கள். ஒன்றுகூட எழும்பவில்லை, அதுதான் அதன் அழகு. அதையே பார்த்துப் போடுங்கள்.

சித்திரையில் மாசி வீதிகளைச் சுற்றிவரும் தேரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அதுவும் நடக்கிற கட்டடம்தான். ஆனால் நிஜமாகவே நடந்து தொலைக்கிறது. அடியில் மரம், மேலே கம்பும் துணியுமாக ஒரு கோபுரம், முன்னால் வடம். ஸ்டீயரிங் கிடையாது. முனையில் திருப்ப வேண்டுமென்றால் சக்கரத்தை ஒட்டி நடக்கிற ஆள் முட்டுக்கட்டையைச் செருகுவார். அந்தப் பக்கச் சக்கரம் கட்டையில் ஏறித் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், இத்தனை பெரிய உருவமும் மெதுவாக முகம் திருப்பும். கட்டையைப் போட்டுவிட்டு அவர் கையை உருவும் வேகத்தைப் பார்த்தால் எடை என்றால் என்ன என்று புரிந்துவிடும். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. 'ஆன்டி கிராவிட்டி' என்று ஓரத்தில் எழுதி ஒரு அம்புக்குறி போட்டால் எந்தக் கட்டடமும் நகரும்.

5. கோபுரம் வைத்தே தீர வேண்டும் என்றால் முக்கோணம் போடுங்கள்

ஊர்ப்பாசம் சில பேரை விடாது. சரி, ஒரு முக்கோணம், உச்சியில் லேசர். மீனாட்சி அம்மன் கோயிலில் 1559-இல் எழுந்த தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. அதன் விளிம்பு நேர்க்கோடு இல்லை, மேலே போகப் போக உள்வாங்கி வளைகிறது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும், ஏறஏறப் பாரம் குறைகிறது. அந்த வளைவை ஒரே ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு அப்புறம் முக்கோணம் பிடிக்காமல் போய்விடும். ஆபத்து. அதற்குப் பதில் போனில் உள்ள செயலியிடம் 'சைபர்பங்க் மதுரை' என்று கேளுங்கள். தாய்லாந்து விகாரை மாதிரி ஒன்றைத் தரும். அதற்கு மேலேயே கையெழுத்துப் போடுங்கள்.

ஆயிரங்கால் மண்டபம் மாதிரி ஒரு மண்டபமா? ஒரு தூணை வரைந்து நகலெடுத்து ஒட்டுங்கள். நிஜத்தில் அங்கே இருப்பவை 985 தூண்கள் என்று யாரோ வேலைமெனக்கெட்டு எண்ணியிருக்கிறார்கள். ஓவியர் மனோகர் தேவதாஸ் அந்த ரகம். மதுரையில் பிறந்தவர், வேதியியல் படித்தவர், விழித்திரை நோயால் பார்வை வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தவர். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு தன் ஊரின் கோபுரத்தையும் தெருவையும் மயிரிழைப் பேனாக்கோடுகளால் வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022-இல் காலமானார். உங்களுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. பிறகென்ன, பார்த்து வரைய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

6. மறைபுள்ளிகளை மறைத்துவிடுங்கள்

தொடுவானக் கோடு என்பது வரைகிறவரின் கண் மட்டம். அதைப் போட்டுவிட்டால் எல்லாக் கட்டடமும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும். போடாதீர்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தனித் தொடுவானம் கொடுங்கள், ஜனநாயகம். கோடுகள் போய்ச் சேரும் மறைபுள்ளி இரண்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் தாளுக்குள்ளேயே நெருக்கி வையுங்கள். முன்னால் நிற்கும் கட்டடத்தின் முனை ஈட்டி மாதிரி உங்களைக் குத்த வரும், அதை 'டைனமிக்' என்று சொல்லிக்கொள்ளலாம். புள்ளிகளைத் தாளுக்கு வெளியே, மேசையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு வரைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மேசையைப் பாருங்கள், அசிங்கம்.

வட்டக் கோபுரத்தின் மாடிகளுக்கு எல்லாம் ஒரே முட்டை வட்டம். கண் மட்டத்துக்குக் கிட்டே வரவர அது தட்டையாக வேண்டும் என்பதெல்லாம் வீண் பேச்சு.

7. ஆள் போடாதீர்கள்

ஒரே ஒரு மனிதனை வரைந்தாலும் போச்சு. அவன் உயரத்தை வைத்து உங்கள் 300 மாடிக் கோபுரத்தின் கதவு எழுபதடி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். பிறகு அவன் எங்கே உட்காருவான், கக்கூஸ் எங்கே, மேல்மாடிக்குத் தண்ணி எப்படி ஏறும் என்று கேள்வி வரும். இத்தாலியில் கட்டடக்கலைஞர் அந்தோனியோ சாந்தெலியா 1914-இல் 'புதிய நகரம்' வரைந்தார். அவர் கட்டடத்துக்கு வெளியே லிஃப்ட் தெரிகிறது, கீழே ரயில் பாதை ஓடுகிறது, எது எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று பதில் இருக்கிறது. 1916-இல் போரில் இறந்தார், வயது 28. அந்த நகரத்தில் ஒரு சுவர்கூட எழும்பவில்லை. கட்டவே போகாத கட்டடத்துக்கு லிஃப்ட் யோசித்த மனிதர்! நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. வில்லாபுரத்துக்குத் தெற்கே அவனியாபுரம் தாண்டினால் விமான நிலையம். அதைச் சுற்றிக் கட்டடம் எழுப்ப உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். உண்மையில் இது நல்ல கற்பனைக்கு அடி எடுத்துக் கொடுக்கிற செய்தி: மேலே போக முடியாத ஊர் பக்கவாட்டில் வளருமா, மண்ணுக்குள் இறங்குமா? இந்த மாதிரிக் கேள்வி தலைக்குள் நுழைந்தால் உடனே எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். திரும்பி வந்து 301-ஆவது மாடியைப் போடுங்கள்.

8. பெயர் முக்கியம்

'நியோ மதுரா, செக்டார் 9.' செக்டார் 1 முதல் 8 வரை எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

9. முடிக்காதீர்கள்

வலது மூலையை வெள்ளையாக விடுங்கள். 'வேலை நடக்கிறது' என்று எழுதுங்கள். மதுரைப் புது மண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம் இருக்கிறதே, திருமலை நாயக்கர் தொடங்கி அடித்தளத்தோடு நின்றது, அதைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். அங்கே முடிந்தவரைக்கும் முடிந்திருக்கிறது. நிலைக்கல்லில் செதுக்கிய கொடி வரைக்கும் தீர்ந்த வேலை. அரைகுறையாக நின்றாலும் மேலே எவ்வளவு உயரம் போக இருந்தது என்று அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். உங்கள் படத்தில் அடியே கிடையாது, அங்கே பனிமூட்டம்.

10. சித்தப்பா வருவார், தயாராக இருங்கள்

"ஏப்பா, நீதான் வீடெல்லாம் வரையிறியாமே? நம்ம மாடிக்கு ஒரு படி போடணும். இடம் அடைக்காம எப்படிப் போடலாம்னு ஒரு தாள்ல வரைஞ்சு குடேன்."

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். படி என்றால் டேப்பை எடுக்க வேண்டும். பத்தடி உயரம், ஒரு படிக்கு ஆறே முக்கால் அங்குலம் வைத்தால் கிட்டத்தட்ட பதினெட்டு ஏற்றம், கால் வைக்கப் பத்து அங்குலம், நடுவில் எங்கே திரும்புவது, திரும்பும்போது சித்தி தலையில் கூரை இடிக்குமா, கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் எப்படி வளைவார். ஒரு சாயங்காலம் முழுசாகப் போய்விடும். அதைவிட மோசம், அதற்கப்புறம் நீங்கள் வரைகிற கோபுரங்களில் படி இல்லாதது உங்கள் கண்ணையே உறுத்த ஆரம்பிக்கும்.

"அதெல்லாம் சிவில், சித்தப்பா. நான் கான்செப்ட்" என்று சொல்லுங்கள்.

"கான்செப்ட்ல மாடிக்கு எப்படிப்பா போவாங்க?"

டெலிபோர்ட் என்று சொல்லிவிட்டு நோட்டை மூடுங்கள். அவர் கொத்தனாரைக் கூட்டிவருவார். அந்த ஆள் சுவரில் ஈரக் கையை ஒரு முறை தடவிவிட்டு, கரித்துண்டால் பதினெட்டுப் பல் வைத்த ஒரு கோட்டைக் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டே போவார். நீங்கள் அப்போது வீட்டில் இருக்காதீர்கள்.