தரைக்கு அடியில் உலக்கை

ஈஸ்ட்ஹாம், லண்டன்.

அன்புள்ள மாமாவுக்கு,

 

இந்த வீட்டை வாங்கியபோது, "எத்தனை வருசத்துக் கட்டடம்?" என்று கேட்டீர்கள். நூறைத் தாண்டியது என்றேன். "இடிச்சுக் கட்டப் போறயா?" என்றீர்கள். இங்கே அந்த வயதைச் சொல்லித்தான் மாமா விலையையே ஏற்றுகிறார்கள்.

குடிவந்த முதல் வாரமே வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும்போதெல்லாம் தரைக்கு அடியில் டொம், டொம், டொம். யாரோ நெல் குத்துகிற மாதிரி. தெரு முழுக்க ஒட்டுச் சுவர் வீடுகள். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் பங்குக்குச் சுவரைத் தட்டினார். பிளம்பருக்குப் போன் போட்டால், வந்து எட்டிப் பார்க்கவே 80 பவுண்டு என்றார். எங்கள் மாமா மோட்டாரையே கழற்றி மாட்டுகிறவர், பைப் எனக்கு எம்மாத்திரம் என்று நானே இறங்கிவிட்டேன்.

சங்கதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓடுகிற மோட்டார் கரண்ட் போய் நின்றால், ஏறிய தண்ணீர் திரும்பி விழுந்து கிணற்றுப் பைப் ஓர் உதறு உதறுமே, அதன் தம்பி இது. குழாயைக் கையால் திருகினால் தண்ணீர் மெல்ல நிற்கும். மெஷின் வால்வோ படக்கென்று மூடிவிடுகிறது. பின்னால் ஓடிவந்த தண்ணீர் முட்டி நின்று, அந்த அதிர்ச்சி நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பைப்புக்குள் முன்னும் பின்னும் அலைகிறது. நம் மொட்டைமாடி டேங்க் தண்ணீருக்கு இவ்வளவு வீம்பு கிடையாது. பைப்பும் சிமென்ட்டுக்குள் புதைந்து கிடக்கும். இங்கே தெரு மெயினின் அழுத்தம் நேரே வீட்டுக்குள் வருகிறது. செப்புக் குழாயோ பலகைத் தரைக்கு அடியில் காற்றாடக் கிடக்கிறது.

முதலில் சிங்க்குக்கு அடியில் இருக்கும் மெயின் வால்வைக் கொஞ்சம் மூடிப் பார்த்தேன். உலக்கைச் சத்தம் பாதியானது. ஷவரும் பாதியானது. தலை நிறைய ஷாம்பு நுரையோடு வீட்டுக்காரி போட்ட சத்தம் ஈரோடு வரை கேட்டிருக்கும். திறந்துவிட்டேன்.

சனிக்கிழமை கார்ப்பெட்டைச் சுருட்டி, இரண்டு பலகையை நெம்பினேன். மரச்சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில், கட்டைவிரல் நுழைகிற இடைவெளியோடு பைப் ஆடிக்கொண்டு கிடந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பையனிடம் மெஷினைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினேன். வால்வு மூடிய நொடியில் பைப் கெண்டை மீன் போலத் துள்ளிச் சட்டத்தில் அடித்தது. "சிக்கிருச்சு!" என்று கத்தினேன். டார்ச் உள்ளே விழுந்துவிட்டது.

கிளிப் வாங்கி வந்து, கண்ணில் பட்ட பைப்பையெல்லாம் இறுக்கினேன். அங்கேதான் வந்தது வினை. பக்கத்தில் போனவை ஹீட்டர் பைப்புகள். செம்பு சூட்டில் நீளும். 10 மீட்டர் பைப்புக்கு 50 டிகிரி ஏறினால் 8 மில்லிமீட்டருக்கு மேல். நீள இடமில்லாமல், மறுநாள் காலை ஹீட்டர் போட்டதும் விசைத்தறி ஓட்டுவதுபோல் கிரீச், டக், கிரீச், டக். பச்சைத்தண்ணீர் பைப்பை இறுக்க வேண்டும். சூட்டுப் பைப்பை மெத்தென்று எதையாவது கொடுத்து நகர விட வேண்டும். மறுபடி பலகை, மறுபடி முட்டிவலி.

மெத்தென்று எதைக் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். நான் எழுந்து முதுகை நிமிர்த்துவதற்குள் அடைத்துவிட்டார்கள். அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமுக்காளத்தில் ஓரமாக ஒரு சாண் வெட்டிச் சூட்டுப் பைப்புக்கு அடியில் கொடுத்தேன். என்ன நெசவு மாமா! பைப் மூச்சுக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். "ரெண்டு நாளாகச் சத்தமே இல்லையே, மெஷின் ரிப்பேரா? துணியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக்கொள்" என்றார்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: ஜூன் மாதம் அம்மா இங்கே வருகிறார். வெட்டிய ஓரத்தைச் சோபாவுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். ஜமுக்காளப் பேச்சை மட்டும் அங்கே எடுத்துவிடாதீர்கள்.