மூன்று பட்டமும் ஒரு வாழைக்கன்றும்

வருசநாட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இலவச ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. இலவம் பஞ்சு போலக் காற்றிலேயே வந்துவிடும். "பயாலஜி படி. அது போதாது, பி.டெக். முடி. அதுவும் போதாது, எம்.பி.ஏ. போடு. அப்புறம் பயோடெக்னாலஜியில் நீதான் ராஜா!" மூன்றையும் முடிப்பதற்குள் ராஜாவுக்குப் பெண் பார்க்கும் வயது தாண்டிவிடும். வேலையோ சென்னையில் ஏதோ ஒரு கணினி முன்னால் கிடைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மூன்று படிப்பும் ஒரே வாழைத் தோட்டத்தில் நிற்கின்றன. முராஷிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962-இல் வகுத்த ஊட்டக் கலவையில் திசுவை வளர்த்து ஜி-9 ரக வாழைக்கன்று எடுப்பது அறிவியல். ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கிருமி அண்டாமல், ஒரே தரத்தில் வெளியே கொண்டுவருவது பொறியியல். தார் வெட்டும் நாளில் வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டு மயங்கி விழாமல் நிற்பது வணிகவியல். முதல் இரண்டுக்கும் ஆய்வகம் உண்டு, மூன்றாவதற்கு வரப்புதான்.

மூன்றையும் முடிக்காமலேயே தொழில் தொடங்கியவரும் உண்டு. கிரண் மஜும்தார் ஷா 1978-இல் பெங்களூரில் ஒரு கார் கொட்டகையில் பயோகான் என்ற பயோடெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தவை விலங்கியல் பட்டம், பீர் வடிக்கும் படிப்பு, 10,000 ரூபாய். தொடக்கத்தில் விற்ற சரக்குகளில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதி. பப்பாளி நம்மூரிலும் காய்க்கிறது. நாம் அதைப் பழமாகத் தின்றதோடு சரி.

ஆகவே தம்பி தங்கைகளே, மூன்றையும் படியுங்கள், தப்பில்லை. ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்டுமுன் ஒரு கன்று என்ன விலை, ஒரு தார் என்ன விலை என்று விசாரியுங்கள். அந்தக் கணக்குப் புரிந்துவிட்டால் ஒரு பட்டத்தின் செலவு மிச்சம்.