துவரம்பரு

சி மொழியில் நிரல் எழுதுபவன் என்று வெளியில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. வீட்டுக்குள் அது செல்லாது. குக்கர் கைப்பிடியின் திருகாணியை முடுக்கத் தெரியாதவர் கம்ப்யூட்டரில் என்ன கிழித்துவிடப் போகிறார் என்பது மாமியாரின் நெடுநாள் சந்தேகம். அதைத் தீர்த்துவைக்க, மாத மளிகைப் பட்டியலைத் தமிழில் அச்சடிக்கும் நிரல் ஒன்றை எழுத உட்கார்ந்தேன். “காலண்டர் தாளுக்குப் பின்னாடி ரெண்டு நிமிஷத்துல எழுதிடலாமேங்க” என்றாள் மனைவி. தொழில்நுட்பம் தெரியாதவர்களோடு நான் வாதாடுவதில்லை.

யூடிஎஃப்-8 போதும் என்பார்கள் விவரம் அறிந்தவர்கள். எனக்கு அகல எழுத்துகள்மேல் மோகம். அவற்றுக்கான சார்புகள் சி தரத்தின் 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. என் மீசையைவிட மூத்தவை.

‘வெங்காயம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஒற்றெழுத்தின் புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள் என்பதால் இயந்திரத்துக்கு அது 9. கடைசியில் முற்றுப்புள்ளியாக ஒரு பூஜ்யம். ஆக 10 கட்டங்கள். சரக்கு ஒன்றுக்கு 10 என்று தாராளமாக ஒதுக்கினேன்.

லினக்ஸில் கட்டம் ஒன்றுக்கு 4 பைட், விண்டோஸில் 2. எனவே என் லினக்ஸ் பெட்டியில் ‘சைஸ்ஆஃப்’ சொல்லும் கணக்கு 40. நகலெடுக்கும் ‘டபிள்யூசிஎஸ்என்காப்பி’க்கு வேண்டியதோ கட்டக் கணக்கு, 10. பைட் கணக்கான 40-ஐ அதனிடம் கொடுத்தால், ‘உப்பு’ என்று ஐந்து குறி எழுதிவிட்டு மீதி 35 கட்டத்துக்கும் பூஜ்யம் இறைக்கும். 40 பைட் இடத்தில் 160 பைட்! பக்கத்து வீட்டுக்காரரின் மெமரி அம்போ. ஒரு கட்டத்தின் அளவால் வகுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அரேயை வேறொரு சார்புக்கு அனுப்பினால் அங்கே வெறும் பாயிண்டர்தான் போய்ச் சேரும். அதை வகுத்தால் 8-ஐ 4-ஆல் வகுத்து 2 என்று வரும். கட்ட எண்ணிக்கையையும் கூடவே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். இதையெல்லாம் மனைவிக்கு விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சரியாக 10 என்று கொடுத்தாலும் இந்தச் சார்பை நம்ப முடியாது. பெயர் நீளமாக இருந்தால் பூஜ்யம் வைக்காமலே போய்விடும். அப்புறம் அந்தப் பெயரை அச்சடிக்கச் சொன்னால், போனில் ‘வைக்கிறேன்’ என்று சொல்லத் தெரியாத என் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி, அடுத்த வீட்டு விஷயமெல்லாம் கொட்டும். நான் விடுவேனா? ஒன்பதே கட்டம் நகலெடுத்து, பத்தாவதில் என் கையாலேயே பூஜ்யம் வைத்தேன். ஒரு பைட் வெளியே சிந்தவில்லை. பட்டியல் வந்தது:

துவரம்பரு, கடலைப்பரு, பாசிப்பரு.

மூன்று பருப்பும் 13 குறி. மூன்றும் கச்சிதமாக ஒன்பதாவதில் நறுக்கப்பட்டிருந்தன. உளுந்துக்குப் பரு வரும் பாக்கியம்கூட இல்லை, ‘உளுத்தம்ப’ என்று வாயடைத்து நின்றது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“மாப்பிள்ளே, இதுக்கு மளிகைக் கடைக்குப் போகணுமா, தோல் டாக்டர்கிட்டயா?”

“மெமரி முழுக்கப் பத்திரமா இருக்கு அத்தை” என்றேன்.

“சாம்பார்?” என்றாள் மனைவி.

பாதுகாப்பு என்று நாங்கள் பெருமையடிப்பது பெரும்பாலும் இந்த வகைதான். மனிதருக்குப் பயன்பட வேண்டுமென்றால் முதலில் நீளத்தை அளந்து, இடம் போதாவிட்டால் வெட்டாமல் கூச்சல் போட வேண்டும். ‘டபிள்யூசிஎஸ்எல்காப்பி’ வெட்டினாலும் மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பிச் சொல்லும். பிஎஸ்டிக்காரர்களிடம் முன்பே இருந்த அது குனு சி நூலகத்துக்கு 2023-இல்தான், 2.38 பதிப்பில் வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ‘_எஸ்’ வால் வைத்த சார்போ இடம் போதாவிட்டால், நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, நிரலையே நிறுத்திவிடும். மாமியாருக்கு அதைத்தான் பிடித்தது.

கட்டங்களை 64 ஆக்கி, அளந்து பார்க்கவும் வைத்தேன். அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் 2019-இல் யூனிகோடு 12 தந்த பழைய உழக்கு, ஆழாக்குக் குறிகளையும் சேர்க்கும் ஆசை வந்தது. அவை லினக்ஸில் ஒரு கட்டம், விண்டோஸில் இரண்டு. தப்பான இடத்தில் வெட்டினால் அரை ஆழாக்குகூடத் தேறாது. இதற்கு ஒரு வழி யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மனைவி போனில் பேசுவது கேட்டது:

“அண்ணே, போன மாசம் போட்டதையே அப்படியே போட்டு அனுப்பிடுங்க.”