ஏரி ஜோசியர்

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் பஃபலோ நகரில் வானிலை நிபுணர்கள் இரண்டு வகை. சம்பளம் வாங்குகிறவர்கள் விமான நிலையத்து அலுவலகத்தில் இருக்கிறார்கள். வாங்காதவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

இந்த இரண்டாம் வகையில் ஒருவர்தான் நம் ஆள். பெயர் தேவையில்லை. ஈரி ஏரியின் கிழக்குக் கோடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவர் அகப்படுவார். அறுபத்தைந்தைத் தாண்டியவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நகரத்துக்குத் தெற்கே சவுத்டவுன்ஸ் பகுதியில் சொந்த வீடு உள்ளவர். கோடையில் பார்த்தால் சாதாரண மனிதர். புல் வெட்டுவார், கொட்டாவி விடுவார். அக்டோபர் கடைசியில் மரங்கள் மொட்டையாகத் தொடங்கியதும் இவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

காலையில் எழுந்ததும் இவர் விசாரிப்பது மனைவியின் முழங்கால் வலியை அல்ல, ஏரித் தண்ணீரின் வெப்பத்தை. நகரின் குடிநீர் நிலையத்தில் 30 அடி ஆழத்துத் தண்ணீரில் அதை அளக்கிறார்கள். 1927 முதல் கணக்கு இருக்கிறது. நவம்பர் நடுவில்கூடப் பெரும்பாலும் ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நிற்கும். அந்த எண்ணைக் கேட்டதும் இவர் உதட்டைப் பிதுக்கித் தலையை மெல்ல ஆட்டுவார். எண் ஏறியிருந்தாலும் அதே ஆட்டம்தான், இறங்கியிருந்தாலும் அதே ஆட்டம்தான்.

“ஏரி இன்னும் சூடா இருக்கு” என்பார்.

“குளிக்கலாமா?” என்று ஊருக்குப் புதிதாக வந்த யாராவது கேட்டுவிட்டால் போச்சு. டிம் ஹார்டன்ஸ் கடையில் டோனட்டை நகர்த்தி வைத்துவிட்டு, காகிதக் கைக்குட்டையில் ஏரியைப் படம் போட ஆரம்பித்துவிடுவார்.

பாடம் என்னவோ நியாயமான பாடம்தான். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சுமார் 240 மைல் நீண்டு கிடக்கிறது. பஃபலோ இருப்பது அதன் வடகிழக்கு முனையில். கனடாப் பக்கத்துக் குளிர்காற்று வந்து ஏரியின் நீளவாக்கில் ஓடினால், அத்தனை மைலுக்கும் அடியிலிருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டே வரும். சூடானது மேலே எழும்பி மேகமாகும். தண்ணீருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் வித்தியாசம் 13 டிகிரி செல்சியஸாவது இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். கரையைத் தொட்டதும் காற்று தடுக்கி, நெருங்கி, தெற்கே குன்றுகளில் ஏறி, சுமந்து வந்ததையெல்லாம் கொட்டிவிடும். இதுதான் ஏரிப்பனி. ஏரி உறைந்து மூடிக்கொண்டால் சரக்கு வரத்து நின்றுவிடும். அதனால்தான் நவம்பரும் டிசம்பரும் இவருக்கு முகூர்த்த மாதங்கள்.

இவ்வளவையும் வானிலை அலுவலகமும் சொல்லும். சொல்லிவிட்டு “வாய்ப்பு உண்டு” என்று முடித்துக்கொள்ளும். நம் ஆளிடம் வாய்ப்பு என்ற பேச்சே கிடையாது. கடை வாசலில் இருக்கும் கொடிக்கம்பத்தை நிமிர்ந்து பார்ப்பார். கொடி பறக்கும் திசையைப் பார்த்ததும் தீர்ப்பு வந்துவிடும்: “ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாம்பர்க். விடியறப்ப லாக்கவானா. நம்ம தெருவுக்கு ஏழரை.”

“ஏழரை மணிக்கா, ஏழரை அங்குலமா?”

“ரெண்டும்.”

இதில் சிரிப்பதற்கு இடம் உண்டே தவிர ஒதுக்கித் தள்ள இடமில்லை. ஏரிப்பனி ஊருக்குப் பொதுவாகப் பெய்கிற சங்கதி அல்ல. குறுகலான பட்டையாக வந்து விழும். காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால் நகரத்துக்கு. கொஞ்சம் மேற்கே திரும்பினால் தெற்குப் புறநகர்களுக்கு. 2014 நவம்பரில் பஃபலோவுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் ஐந்தடிக்கு மேல் கொட்டியது. சில மைல் வடக்கே இருந்தவர்களுக்குச் சில அங்குலத்தோடு சரி. அவர்கள் வெயிலில் நின்று, எதிரே வெள்ளைச் சுவராக நின்ற மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்கள் உலகமெல்லாம் சுற்றின. நெடுஞ்சாலையில் வண்டிகள் புதைந்து கிடக்க, நயாகரா பல்கலைக்கழகத்துப் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரு நாளுக்கும் மேலாகப் பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இவ்வளவு ஓரவஞ்சனை செய்கிற வானத்தின் கீழே வாழ்கிறவன், மாநிலம் முழுமைக்குமான வானிலை அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கொடிக்கம்பத்தைத்தான் பார்ப்பான்.

இந்த ஓரவஞ்சனையில்தான் நம் ஆளின் பெருமையும் விளைகிறது. வடக்கே ஆம்ஹர்ஸ்ட், டோனவாண்டா பக்கம் இருக்கும் மைத்துனரிடம் தொலைபேசியில் பேசும்போது அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.

“உங்க பக்கம் எவ்வளவு?”

“நாலு அங்குலம் இருக்கும்.”

“ஓ. அழகா இருக்குமே!”

அதற்குமேல் அவமானப்படுத்த முடியாது.

வீட்டுக்குள் நிலைமை வேறு. எச்சரிக்கை வந்ததும் மனைவி வெக்மன்ஸ் கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி, மெழுகுவத்தி எடுத்து வைத்து, போர்வைகளைக் காரில் போட்டு, மருந்துச் சீட்டு வரை சரிபார்த்துவிடுகிறார். நம் ஆள் ஜன்னலோரம் நின்று வானத்தைக் கண்காணிக்கிறார்.

“ஸ்னோப்ளோயர்ல பெட்ரோல் இருக்கா?”

“காத்து இன்னும் தென்மேற்குதான்.”

“நான் கேட்டது பெட்ரோல்.”

“திரும்பட்டும், பார்த்துக்கலாம்.”

காற்று இரவில் திரும்பும். விடிந்ததும் பெட்ரோல் இல்லாத ஸ்னோப்ளோயரையும் அதை நிறுத்தியிருந்த கொட்டகையையும் தேடி ஷவலால் தோண்டுவார்கள். தோண்டும்போதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். “சொன்னேனா இல்லையா?” என்பார். சொன்னது ஏழரை அங்குலம், விழுந்தது மூன்றடி என்பதையெல்லாம் அந்த நேரத்தில் யார் எடுத்துச் சொல்வது?

பனி விழுந்தபின் அளவெடுக்கும் படலம். வெள்ளையடித்த பலகை ஒன்று பின்கட்டில் இருக்கிறது. விதி கண்டிப்பானது: ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அளந்து துடைக்கக் கூடாது. அடிக்கடி துடைத்து அளந்தால் பனி தன் பாரத்தில் அமுங்குவதற்குள் கணக்கில் ஏறிவிடும்; கூட்டுத்தொகை ஊதிப்போகும். 1997 ஜனவரியில், ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் மேட்டில் இருக்கும் மான்டேக் என்ற சிற்றூரில் ஒரே நாளில் 77 அங்குலம் என்று அளந்தார்கள். தேசிய சாதனையாகியிருக்கும். 24 மணி நேரத்தில் நான்குக்குப் பதில் ஆறு தடவை அளந்துவிட்டார்கள் என்று நிபுணர்கள் தள்ளிவிட்டார்கள். கொலராடோவில் 1921இல் பெய்த 75.8 அங்குலம் தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மான்டேக்கில் நம் ஆளுக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. ஆனாலும் இந்த வழக்கை எடுத்தால் சொத்தைப் பறிகொடுத்தவர் போலத் துடிப்பார். அதைவிட வலிக்கும் இடம் ஒன்று உண்டு. மாநிலத்தின் நகரங்களுக்குள் யாருக்கு அதிகப் பனி என்று நடக்கும் ‘கோல்டன் ஸ்னோபால்’ போட்டியில் பெரும்பாலும் ஜெயிப்பது சிரக்யூஸ். உலகமே பனி என்றால் பஃபலோ என்கிறது, கோப்பை மட்டும் பக்கத்து ஊருக்குப் போகிறது. “அங்கே பெய்யறதெல்லாம் தூசு” என்பது இவர் கட்சி.

பேச்சு எங்கே தொடங்கினாலும் 1977இல்தான் போய் நிற்கும். அந்த ஜனவரியின் பெரும்பனிப்புயலில் இவர் பள்ளி மாணவர். ஒரு நண்பன் வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு நடந்தார். முதலில் இரண்டு தெரு தூரமாக இருந்தது, இப்போது ஆறு மைலாகியிருக்கிறது. அந்தப் புயலை வைத்துப் பலகை விளையாட்டே விற்பனைக்கு வந்தது. இவர் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது. இதில் ஒரு தர்மசங்கடம் என்னவென்றால், 1977 ஏரிப்பனியே அல்ல. அதற்கு முந்தைய டிசம்பர் நடுவிலேயே ஏரி உறைந்துவிட்டது. உறைந்த பரப்பின்மேல் குவிந்து கிடந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டியது. பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன் இதை எடுத்துச் சொன்னபோது நம் ஆள் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஏரியிலேருந்துதானே வந்துச்சு?”

“ஆமா.”

“அப்புறம் என்ன?”

1985இல் மேயர் ஜிம்மி கிரிஃபின், பனிப்புயலுக்கு வீட்டுக்குள் இருங்கள், பீர் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கால்பந்து பாருங்கள் என்று மக்களுக்கு யோசனை சொன்னார். நகராட்சி பிறப்பித்த உத்தரவுகளில் நம் ஆள் ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடிப்பது அது ஒன்றைத்தான். 2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம் கொட்டியபோது ஊர் அணியான பில்ஸின் கால்பந்துப் பந்தயத்தையே டெட்ராய்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பில்ஸ் அணி ஆட்டக்காரர்கள் விமானத்தைப் பிடிக்க அக்கம்பக்கத்தார்தான் வாசலைத் தோண்டி விட்டார்கள். அன்று தோண்டியதாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் நிஜமாகவே தோண்டியிருந்தால் மைதானத்தையும் சேர்த்து வெளியே எடுத்திருக்கலாம்.

அடுத்த மாதமே கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த புயலில் ஈரி கவுன்டியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை மட்டும் இவர் போட்டிக்கு எடுப்பதில்லை. யாராவது எடுத்தால் காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டர். ஆகவே சீக்கிரம் உறைகிறது. உறைந்து மூடிய வருஷங்களில் ஜனவரிக்குப் பின் நம் ஆளுக்கு வேலையில்லை. ஆனால் சும்மா இருக்க முடியுமா? பார்வை ‘ஐஸ் பூம்’ பக்கம் திரும்பும். ஏரி நயாகரா ஆற்றுக்குள் இறங்கும் வாயில், பனிக்கட்டிகள் போய் மின்நிலையங்களை அடைக்காதபடி, எஃகு மிதவைகளைக் கம்பிவடத்தில் கோத்துக் குளிர்காலம்தோறும் குறுக்கே கட்டுகிறார்கள். 1964 முதல் நடக்கிறது. ஏப்ரலில் குளிர் விடவில்லையென்றால், தக்காளி நாற்று கருகினால், முழங்கால் வலித்தால், எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மிதவைதான். கட்டியையெல்லாம் ஏரியிலேயே பூட்டிவைத்தால் வசந்தம் எப்படி வரும் என்பது இவர் கேள்வி.

1980களிலேயே நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து, ஊரின் குளிருக்கும் மிதவைக்கும் சொல்லும்படியான சம்பந்தம் இல்லை என்று எழுதிவிட்டது. மைத்துனர் அதைச் சொல்லிப் பார்த்தார்.

“எழுதினவங்க எந்த ஊர்?”

“வாஷிங்டன்னு நினைக்கிறேன்.”

“அங்கே ஏரி இருக்கா?”

“ஆறு இருக்கு.”

நம் ஆள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தக்காளி நாற்றுத் தொட்டியை மறுபடி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்.