மடிக்கணினிக்கு மெத்தை உறை: ஒரத்தநாட்டு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மெத்தை உறை எனப்படுவது, மேல்துணி, உள்ளடைப்பு, உட்துணி என்னும் மூன்றையும் அடுக்கி, உள்ளடைப்பு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடாதவாறு குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, ஒரு பக்கம் மட்டும் வாய் விட்டுத் தைக்கப்படும் பையாகும். இதைத் தைப்பவர் பெரும்பாலும் பெரியம்மாவாகவோ அத்தையாகவோ இருப்பதாலும், கூலி கேட்கப்படாததாலும், வேண்டாமென்று சொல்லும் உரிமை பெறுபவருக்கு இல்லாததாலும், இதைத் தையற்கலையின்கீழ் வைப்பதைவிடச் சீர்வரிசையின்கீழ் வைப்பதே பொருத்தம்.

இவ்வுறையின் காலத்தைக் கணிப்பது கடினமன்று. மாப்பிள்ளையோடு தீபாவளிக்கு வந்து, அவரோடே பெங்களூருக்குத் திரும்பிவிடும் பொருளாக இருந்த மடிக்கணினி, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகே, புதாற்றுப் பாசன ஊர்களில் (கல்லணைக் கால்வாயை இப்பகுதியினர் புதாறு என்பர்) பள்ளிப் பிள்ளைகளின் சொந்தப் பொருளாயிற்று. சம்பா அறுவடையின்போது களத்திலிருந்து எழும் நெற்சுணை, கழுத்தில் பட்டால் அரிக்கும், விசைப்பலகையின் இடுக்கில் புகுந்தால் எளிதில் வெளியேறாது என்பதை நோக்கினால், உறையின் தேவை மண்ணிலிருந்தே பிறந்தது என்பது விளங்கும்.

தேர்களில் தொங்கவிடப்படும் தொம்பை எனும் ஒட்டுத்துணி வேலைப்பாட்டிலிருந்தே இவ்வுறை கிளைத்தது என வாதிட விரும்புவோர், தொம்பை அடிப்பக்கம் திறந்த குழாய் என்பதையும், அதற்குள் வைக்கப்படும் கணினி தரையைத்தான் அடையும் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

உள்ளடைப்பைப் பொறுத்தவரை இரு கொள்கைகள் உண்டு. தலையணைக்கு உதவும் இலவம்பஞ்சே இதற்கும் போதும் என்பது முதற்கொள்கை. வழுக்கும் அப்பஞ்சு ஊசித்துளை வழியே கசிந்து, கணினியின் காற்றுத்துளையைச் சென்றடையும் என்பதால் அது தள்ளத்தக்கது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்திப் புடவையை நான்காக மடித்து வைப்பது இரண்டாம் கொள்கை. இத்துணி சுருங்கவேண்டிய அளவு சுருங்கி முடித்தது. தவிர, ஆத்தாவின் புடவை உள்ளே இருக்கும் உறையைத் தூக்கியெறியும் துணிவு எந்தப் பேரனுக்கும் வராது. இவ்வளவு தடிமனைக் கால்மிஷினில் ஓட்டுவதற்கு 16-ஆம் எண் ஊசி தேவைப்படும். ரவிக்கை தைத்த மெல்லிய ஊசியையே மாற்றாமல் போட்டால், அது முதல் மூலையிலேயே முறியும். வாய்ப்பகுதியில் உலோக ஜிப் வைத்தால் கணினியின் முதுகில் கீறல் விழுமாதலால் வெல்க்ரோவே நலம்.

சிக்கல் முழுவதும் அளவில் உள்ளது. கடைக்காரர் சொல்லும் 14 அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் நீளம். 16-க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்த திரையாயின் அதன் அகலம் ஏறத்தாழ 12.2 அங்குலமும் உயரம் 6.9 அங்குலமுமே இருக்கும், சட்டகத்துக்குச் சிறிது கூட்டிக்கொள்ளவேண்டும். தொலைபேசியில் ‘பதினாலு’ என்று மட்டும் கேட்டறிந்த அத்தை அதையே அகலமாகக் கொண்டு வெட்டும்போது, கணினி உள்ளே நீந்துகிறது. அகலத்தைச் சரியாகப் பிடித்தவரோ தடிமனை மறக்கிறார். குறுக்குத்தையல் ஓடஓடத் துணி உள்வாங்கும் என்பதையும் சேர்த்து மறந்துவிட்டால், கணினி பாதியில் நின்றுவிடுகிறது. அடுக்குகளைப் பெரிதாக வெட்டித் தைத்துவிட்டு, பிறகு அளவுக்கு நறுக்குவதே முறை என்பது அறியப்பட்டிருந்தும், நறுக்கினால் துணி வீணாகும் என்ற பொருளியல் காரணத்தால் அம்முறை பின்பற்றப்படுவதில்லை.

இவ்வாறு பொருந்தாதுபோன உறைகள் அழிவதில்லை. பட்டா, சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை, கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் சீட்டு ஆகியவை அவற்றுள் குடியேறுகின்றன. இத்தாள்களுக்குக் கணினியைவிடப் பாதுகாப்புத் தேவை என்பதை மறுப்பார் இலர். எனினும் உறைக்குள் கணினியையே வைக்க விரும்பும் மருமக்கள், கணினியின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் நாடா வைத்து அளந்து, புடவை வெட்டப்படுவதற்கு முன்பே அத்தையிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.